நல்ல கல் எது? மோதிரக் கல் தேர்வு குறித்த ஒரு மீள்பார்வை

ஒரு கல் நல்ல கல்தானா என்பதை எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் கிடைக்கும் விடைகளே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. அரசனின் கருவூலத்துக்குக் கல் வாங்கிய அதிகாரி இதைக் கேட்டார். இன்று நிச்சயதார்த்த மோதிரத்துக்காகச் சென்னை தியாகராய நகரிலோ கொழும்பு செட்டியார் தெருவிலோ கடைகடையாக ஏறி இறங்கும் குடும்பமும் இதையே கேட்கிறது. தோஷம் இல்லாத கல், கோளுக்கு ஏற்ற கல், உரசினாலும் கீறல் விழாத கல், சான்றிதழ் பெற்ற கல், இன்ன மண்ணில் எடுத்த கல் என்று காலந்தோறும் பதில்கள் மாறி வந்திருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், பழைய பதில் எதுவும் கழிந்துபோகவில்லை. எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒன்றாக விரிக்கப்படுகின்றன. அழகைப் பற்றிக் கேட்டவருக்கு அரிமையைப் பற்றிய பதிலும், உறுதியைப் பற்றிக் கேட்டவருக்கு ராசியைப் பற்றிய பதிலும் கிடைக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பதிலும் எந்தக் கவலையிலிருந்து பிறந்தது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

குறை தேடிய மரபு

அர்த்தசாஸ்திரம் கருவூலப் பொருள்களைச் சோதிக்கும் பகுதியில் வைரத்துக்கு இலக்கணம் வகுக்கிறது. பெரிதாக, கனமாக, அடி தாங்குவதாக, முனைகள் ஒத்ததாக, பாத்திரத்தில் கீறல் போடுவதாக, ஒளி வீசுவதாக இருக்க வேண்டும் என்கிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் வைரம், முத்து, மாணிக்கம், மரகதம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல்கள் உள்ளன. புத்தபட்டரின் இரத்தின பரீட்சை, கருட புராணத்தின் மணி இயல்கள் என இந்த வரிசை நீளும். பிரெஞ்சு அறிஞர் லூயி ஃபினோ 1896இல் இத்தகைய நூல்களைத் திரட்டிப் பதிப்பித்த பிறகே, இவற்றை ஒரு தனித் துறையாகப் பார்க்கும் வழக்கம் மேற்கில் பரவியது.

தமிழில் இந்த அறிவு காப்பியங்களுக்குள்ளேயே கிடக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வீதியைச் சொல்லும் இடத்தில், வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ரேகை ஆகிய நான்கும் பேசப்படுகின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், சிவன் மணி வணிகராக வந்து வலன் என்னும் அசுரனின் உடலுறுப்புகளிலிருந்து மணிகள் பிறந்த கதையையும் அவற்றின் இலக்கணத்தையும் சொல்கிறார். மாணிக்கம் விற்ற படலம் முழுவதும் ஏறத்தாழ ஒரு கல் பரிசோதனைப் பாடம்தான்.

இந்த மரபின் வலிமை அதன் கூர்ந்த பார்வை. கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கோடு, மேகம் எல்லாவற்றையும் வகைப்படுத்தும் பழக்கம் பூதக்கண்ணாடிக்கு நெடுங்காலம் முன்பே இருந்திருக்கிறது. அதன் பலவீனம் இரண்டு இடங்களில் தெரிகிறது. ஒன்று, கல்லின் குறை அணிபவருக்குத் தீங்காகும் என்ற அனுமானம். இன்ன குற்றமுள்ள கல் இன்ன இழப்பைத் தரும் என்று நூல்கள் பட்டியலிடுகின்றன. கல்லின் நிறத்தை வருணத்தோடு பொருத்தி, யாருக்கு எது என்று பங்கிட்டதும் இதே சிந்தனையின் நீட்சி. இரண்டு, நிறத்தை வைத்தே கல்லின் இனத்தை முடிவு செய்தது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய பிழையன்று. சிவப்பு ஸ்பினல், மாணிக்கத்திலிருந்து வேறான கனிமம் என்பதைப் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே த லில் 1783இல்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பிரிட்டிஷ் மகுடத்தின் முன்புறத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்ற பெயரோடு பதிந்திருப்பது இன்றும் ஒரு ஸ்பினல்தான்.

போலிக் கற்களின் வரலாறும் இந்த நூல்களுக்கு இளையதன்று. பெரில் வகைக் கற்கள் இந்தியாவிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன என்று எழுதிய ரோமானியர் பிளினி, இந்தியர்கள் பளிங்குக்கு நிறமேற்றி அதே பெரிலைப் போலியாகச் செய்வதில் கைதேர்ந்தவர்கள் என்றும் குறித்துவைத்தார். நொய்யல் கரையின் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் பெரில், நீலம், படிகம், சூதுபவளம் ஆகியவற்றை வெட்டித் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்களைக் காட்டியுள்ளன. வாங்கும் ரோமுக்கும் விற்கும் கொங்குநாட்டுக்கும் இடையே, கல் உண்மையானதா என்ற சந்தேகமும் அன்றே கப்பலேறியிருக்கிறது.

கோளும் ராசியும்

ஒன்பது கல்லை ஒன்பது கோளுக்குப் பங்கிடும் முறை இன்று தமிழர் கல் வாங்குவதில் வலுவான காரணம். ஞாயிறுக்கு மாணிக்கம், திங்களுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புஷ்பராகம், வெள்ளிக்கு வைரம், சனிக்கு நீலம், இராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். இந்த முழுப் பட்டியல் பிற்கால நூல்களில்தான் நிலைபெற்றது என்பது பொதுவான கருத்து. மேற்கில் வழங்கும் பிறந்த மாதக் கற்களின் பட்டியலுக்கோ இன்னும் தெளிவான பிறந்த தேதி உண்டு. அமெரிக்க நகை வணிகர் சங்கம் 1912இல் அதைத் தரப்படுத்தியது. 2002இல் டான்சனைட்டும் 2016இல் ஸ்பினலும் வணிகத் தேவைக்கேற்ப அதில் சேர்க்கப்பட்டன.

கோள்களின் விளைவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் நம்பிக்கைக்குள் நின்று பார்த்தாலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. புஷ்பராகம் என்ற பெயரில் கடைகளில் மஞ்சள் நீலக்கல், டோபாஸ், சில வேளை மஞ்சள் படிகமான சிட்ரின் என மூன்று வேறு கனிமங்கள் விற்கப்படுகின்றன. ‘கனக புஷ்பராகம்’ என்று அழுத்திச் சொல்பவர்கள் முதலாவதைத்தான் குறிக்கிறார்கள். விலையில் இவற்றுக்கிடையே பன்மடங்கு வேறுபாடு. நீலக்கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்த்து வாங்கும் வழக்கத்துக்கு, சோதிடத்துக்கு அப்பாலும் ஒரு பயன் இருந்திருக்கும். வாங்குபவர் கல்லைக் கடை விளக்குக்கு வெளியே பகலிலும் இரவிலும் பார்க்க அது அவகாசம் தந்தது. இன்றைய கடைகளின் குவிய விளக்குகளை நினைத்தால், அந்த வழக்கத்தின் இந்தப் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

கடினம் வேறு, உறுதி வேறு

ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த பத்துப் படி அளவுகோல், கல் எது நிலைக்கும் என்ற கேள்வியைச் சோதிக்கக்கூடியதாக்கியது. எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்பதே அதன் அடிப்படை. வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, வைடூரியம் 8.5, ஸ்பினலும் டோபாஸும் 8, மரகதம் 7.5 முதல் 8, படிகம் 7. ஓபல் 5.5 முதல் 6.5, முத்து அதனினும் மென்மை. இந்த எண்கள் வரிசையை மட்டுமே காட்டும், அளவைக் காட்டா. 9க்கும் 10க்கும் இடையிலான தூரம், அதற்குக் கீழுள்ள படிகளுக்கு இடையிலான எந்தத் தூரத்தையும்விடப் பெரிது.

மோதிரத்துக்கு 7 என்ற படி முக்கியமானது. வீட்டுத் தூசியில் நுண்ணிய படிகத் துகள்கள் இருக்கும். ஏழுக்குக் கீழுள்ள கல்லை ஒவ்வொரு முறை துணியால் துடைக்கும்போதும் அதன் பளபளப்பு சிறிது மங்கும். தோட்டுக்கும் பதக்கத்துக்கும் இது பெரிய குறையன்று. பாத்திரம் தேய்க்கும், கோலம் போடும், கதவுப்பிடியில் இடிபடும் விரலுக்கு இது பெரிய குறை.

ஆனால் கடினத்தை மட்டும் வைத்துத் தேர்வு செய்யச் சொல்லும் வாதம் பாதி உண்மையே. வைரம் அடி தாங்கும் என்ற அர்த்தசாஸ்திரக் கூற்றும், சம்மட்டியே உடையும் என்ற பிளினியின் கூற்றும் பல நல்ல வைரங்களை நொறுக்கியிருக்க வேண்டும். வைரத்துக்கு நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. சரியான கோணத்தில் ஓர் அடி விழுந்தால் அது பிளக்கும், வைரம் வெட்டுபவர்கள் நூற்றாண்டுகளாக இதைப் பயன்படுத்தியே பெரிய கற்களைப் பிரித்தார்கள். டோபாஸுக்கு ஒரே திசையில் மிக எளிதான பிளவு. மாறாக, கடினத்தில் 6 அல்லது 6.5 மட்டுமே கொண்ட நெஃப்ரைட் ஜேடு, நார் பின்னிய அமைப்பினால் அடி தாங்குவதில் ஏறக்குறைய எல்லா மணிகளையும் விஞ்சும். மரகதம் எண்ணளவில் தாழ்ந்ததல்ல. உள்ளே ஓடும் விரிசல்களே அதை விரலுக்குச் சற்று ஆபத்தானதாக்குகின்றன. கடினத்தையும் உறுதியையும் சேர்த்துப் பார்த்தால், தினமும் அணியும் மோதிரத்துக்கு நீலம், மாணிக்கம், வைரம், வைடூரியம், ஸ்பினல் ஆகியவை முன் வரிசை. மற்றவற்றை விரும்புபவர்கள் கல்லைச் சுற்றி உலோக விளிம்பு வைத்துக் கட்டுவது நல்லது.

நான்கு அளவுகோல்கள்

ராபர்ட் ஷிப்லி 1931இல் தொடங்கிய அமெரிக்க இரத்தினவியல் கழகம், ஜிஐஏ, இருபதாம் நூற்றாண்டின் பதிலை எழுதியது. எடை, நிறம், தெளிவு, வெட்டு என்ற நான்கையும் 1940களில் அது பரப்பியது. நிறமின்மையை ‘டி’ முதல் ‘இசட்’ வரை அளக்கும் வரிசை 1953இல் வந்தது. கடைகளில் ‘ஈ-எஃப், விவிஎஸ்’ என்று மந்திரம்போல் ஓதப்படுவது இந்த முறைதான். எழுத்துகள் நிறத்தையும், ‘விவிஎஸ்’ பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் மிக நுண்ணிய உட்புள்ளிகளையும் குறிக்கின்றன. தமிழ்க் கடைகளில் எடை இன்னும் சென்ட்டில் பேசப்படுகிறது. நூறு சென்ட் ஒரு கேரட், அதாவது 0.2 கிராம்.

இந்த முறையின் பெரும் சாதனை நம்பிக்கையை இடம் மாற்றியது. முன்பு குடும்பத்துக்குத் தெரிந்த வணிகரை நம்பி வாங்கினார்கள். இப்போது விற்பனையில் ஆதாயம் இல்லாத ஓர் ஆய்வகத்தின் தாளை நம்பலாம். முன்பின் தெரியாத நகரில் முதல் முறை வைரம் வாங்குபவருக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் தாள் அளப்பது அரிமையை. அது அழகை நேராக அளப்பதில்லை. ‘ஈ’க்கும் ‘எஃப்’புக்கும் உள்ள வேறுபாடு மஞ்சள் தங்கத்தில் பதித்த பிறகு பயிலாத கண்ணுக்குத் தெரியாது. விவிஎஸ்ஸுக்கும் அதற்கு இரண்டு படி கீழுள்ள கல்லுக்கும் உள்ள வேறுபாடும் அப்படியே. வைரம் ஒளிர்வது பெரும்பாலும் வெட்டினால். மார்செல் டோல்கோவ்ஸ்கி வட்ட வைரத்தின் ஒளிக் கணக்கை 1919இலேயே எழுதிவிட்டார். அப்படியிருந்தும் ஜிஐஏ வட்ட வைரங்களுக்கு வெட்டுத் தரம் வழங்கத் தொடங்கியது 2000களின் நடுவில்தான். கண்ணுக்கு எளிதில் தெரிவது எதுவோ, அது அரை நூற்றாண்டுக்கு மேல் தாளில் தரமின்றிக் கிடந்தது.

இந்த அளவுகோலின் எல்லையைக் காட்டத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பழைய குடும்பங்களில் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் ‘ப்ளூ ஜாகர்’ வைரத்தைத் தேடி வாங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரில் வந்த இந்தக் கற்களுக்கு, வெயிலில் இலேசான நீலச் சாயை தெரிவதே சிறப்பாகக் கருதப்பட்டது. வெயிலிலுள்ள புறஊதா ஒளியால் தூண்டப்பட்டு மிளிரும் தன்மையே அந்தச் சாயைக்குக் காரணம். இன்றைய சர்வதேசச் சந்தையில் அதே மிளிர்வு சான்றிதழில் பதிவானால், நிறமற்ற உயர் தரக் கல்லுக்கு விலை குறைகிறது. ஜிஐஏ 1997இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணப் பார்வையாளர்களால் மிளிர்வின் விளைவைப் பிரித்தறிய முடியவில்லை. வலுவாக மிளிரும் கற்கள் மேலிருந்து பார்க்கும்போது சற்று மேலான நிறத்துடன் தெரிந்ததாகவும் அது சொன்னது. சந்தை பெரிதாக மாறவில்லை. ஒரே குணத்துக்கு ஓரிடத்தில் கூடுதல் விலை, இன்னோரிடத்தில் தள்ளுபடி என்றால், மதிப்பின் ஒரு பகுதி கல்லில் இல்லை, பார்ப்பவரின் பழக்கத்தில் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். கண்ணால் தேர்ந்தெடுப்பவருக்கு இது இலாபமான இடமும்கூட.

சூடேற்றிய கல், எண்ணெய் ஊறிய கல்

வண்ணக் கற்களுக்கு இந்த நான்கு அளவுகோல்கள் பொருந்தவில்லை. எல்லா ஆய்வகங்களும் ஏற்கும் ஒரே நிறவரிசை நீலத்துக்கோ மாணிக்கத்துக்கோ இன்றுவரை இல்லை. அங்கே விவாதம் வேறு திசையில் போனது. கல்லுக்கு மனிதன் என்ன செய்தான் என்பதே முதல் கேள்வி.

மாணிக்கத்தைச் சூடேற்றி அதிலுள்ள நீலக் கறையைப் போக்கும் கலை பழையது. இலங்கையில் கரி நெருப்பை ஊதுகுழலால் ஊதி இதைச் செய்தார்கள். பெரிய மாற்றம் 1970களில் நேர்ந்தது. இலங்கையில் பால் போல மங்கி, பெரிதும் மதிப்பின்றிக் கிடந்த கெவுடா கற்களைத் தாய்லாந்து வணிகர்கள் வாங்கிச் சென்று 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேலான உலைகளில் சுட்டு அழகிய நீலங்களாக்கினார்கள். இரத்தினபுரியும், தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் நிறைந்த பேருவளைச் சீனன்கோட்டையும் பிறகு அந்த நுட்பத்தைத் தாங்களே கற்றன. இன்று சந்தையிலுள்ள நீலங்களில் மிகப் பெரும் பகுதி சூடு கண்டவை. நிலம் தொடங்கியதை உலை முடித்து வைக்கிறது, நிறம் நிலையானது, ஆகவே இது குற்றமன்று என்பது வணிகத்தின் நிலைப்பாடு. வெளிப்படையாகச் சொன்னால் இதை ஏற்பதில் பெரிய தடை இல்லை.

எல்லை மங்குவது அடுத்த படியில். 2001, 2002 வாக்கில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பத்பராட்ஷா நிறக் கற்கள் சந்தையில் திடீரெனக் குவிந்தபோது, பெரிலியத்தை உயர்வெப்பத்தில் கல்லுக்குள் செலுத்தியிருப்பது தெரியவந்தது. நிறம் மேலோட்டமாக நிற்காமல் உள்ளுக்குள்ளும் பரவியிருந்ததால், சாதாரணக் கருவிகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குச் சற்றுப் பின்னர் வந்தவை ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள். விரிசல் மலிந்த மலிவுக் கல்லை உருகிய கண்ணாடியால் நிரப்பினால் பார்வைக்கு அது நல்ல மாணிக்கம். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும். பத்தர் பற்றவைக்கும் சூடு பட்டால் நிலைமை இன்னும் மோசம். மரகதத்தின் விரிசல்களில் எண்ணெய் ஊறவைப்பதைப் பலரும் மரபாகவே ஏற்கிறார்கள். அந்த எண்ணெய் நாளடைவில் உலரும், அதிரலைத் தொட்டியில் கழுவினால் வெளியேறும் என்பதை விற்பவர் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

பழைய மரபின் குறைக் கோட்பாடு இங்கே தலைகீழாகிறது. சூடு காணாத நீலத்தில் பட்டு இழைபோல் ஓடும் நுண்ணிய ரூட்டைல் ஊசிகள் உடையாமல் இருக்கும். உயர்வெப்பத்தில் அவை கரைந்து சிதையும். உலையில் உருக்கி வளர்த்த மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் வளைந்திருக்கும், இயற்கைக் கல்லில் அவை நேராகவும் கோணமாகவும் இருக்கும். எந்தக் குறையும் இல்லாத பெரிய மாணிக்கத்தை மலிவாகக் கண்டால், இரத்தினவியலாளர் முதலில் சந்தேகிப்பது அந்தத் தூய்மையைத்தான். சிலப்பதிகாரக் காலத்து வணிகர் விலக்கச் சொன்ன ரேகை, இன்றைய ஆய்வகத்துக்குக் கல்லின் பிறப்புச் சான்று.

பிறந்த மண்

அதே உட்புள்ளிகளைக் கொண்டு கல் எங்கே தோண்டப்பட்டது என்றும் ஆய்வகங்கள் கருத்துச் சொல்கின்றன. 1880களின் தொடக்கத்தில் காஷ்மீரின் பாடர் பகுதியில் ஒரு மண்சரிவுக்குப் பின் வெளிப்பட்ட நீலங்கள் சில ஆண்டுகளிலேயே தோண்டித் தீர்ந்தன. அந்தப் பெயருக்கு இன்றும் பெரும் விலை. மியன்மாரின் மோகொக் மாணிக்கத்துக்கும் கொலம்பிய மரகதத்துக்கும் இதேபோல. 1981இல் டயானாவின் நிச்சயதார்த்த மோதிரத்திலும் 2010 முதல் கேத்தரின் கையிலும் உலகம் பார்த்த பன்னிரண்டு கேரட் நீலம், இலங்கைக் கல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இலங்கை நீலத்துக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் அமைந்ததில்லை.

பிறந்த மண்ணுக்குப் பணம் கொடுப்பது நியாயமா? அரிமைக்கும் வரலாற்றுக்கும் விலை உண்டு என்பது ஆதரவாளர் வாதம். எதிர்வாதமோ நிலவியலிலிருந்தே வருகிறது. 1998இல் மடகாஸ்கரின் இலாகாகாவில் நீலங்கள் கிடைத்தபோது அவற்றில் பல இலங்கைக் கற்களை வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. கோண்டுவானா பெருநிலத்தில் இவ்விரு நிலங்களும் அருகருகே இருந்தவை. ஆகவே ஆய்வகத் தாளிலுள்ள நாட்டின் பெயர் ஒரு வல்லுநர் கருத்து மட்டுமே. ஒரே கல்லுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு நாடுகளைச் சொல்வதும் உண்டு. நல்ல காஷ்மீர் நீலம் அழகானது என்பதில் ஐயமில்லை. அழகற்ற காஷ்மீர் நீலமும் விலை போகிறது என்பதே இந்த வாதத்தின் மெலிந்த இடம்.

மண்ணைப் பற்றிய கேள்விக்கு அறத்தின் பக்கமும் உண்டு. 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாடு, கிளர்ச்சிக் குழுக்களுக்குப் பணம் தரும் பட்டை தீட்டா வைரங்களைத் தடுக்க முயன்றது. அரசுப் படைகளே வன்முறை செய்யும் சுரங்கங்கள் அதன் வரையறைக்குள் வராததை எதிர்த்து, அதை உருவாக்கப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே 2011இல் விலகியது. வண்ணக் கற்களுக்கு இந்த அளவுக்குக்கூட ஓர் ஏற்பாடு இல்லை.

ஆய்வகத்தில் வளர்ந்த வைரம்

ஒகுஸ்த் வெர்னோய் 1902இல் சுடருருக்கு முறையில் மாணிக்கம் செய்து காட்டினார். மிகிமோதோ 1893இல் வளர்ப்பு முத்துக்கு வழி திறந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் 1954இல் வைரம் செய்து அடுத்த ஆண்டு அறிவித்தது. திருச்சி வட்டாரத்தில் ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்ற பெயரில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டிப் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் அவை வைரமல்ல, வைரம் போன்றவை. இப்போது சூரத்திலும் பிற இடங்களிலும் வளர்க்கப்படுபவை வேதியியலில் வைரமே. சுரங்கக் கல்லிலிருந்து அவற்றைக் கண்ணாலோ, கடைகளில் வெப்பத்தைச் சோதிக்கும் பேனாக் கருவியாலோ பிரிக்க முடியாது. அமெரிக்க வணிக ஆணையம் 2018இல் தன் வழிகாட்டியில் வைரத்தின் வரையறையிலிருந்து ‘இயற்கையான’ என்ற சொல்லை நீக்கியது. இந்திய அரசு இவ்வகை வைர ஆய்வுக்குச் சென்னை ஐஐடிக்குச் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஜிஐஏ 2025இல் இத்தகைய கற்களுக்கு நிற, தெளிவு எழுத்துகள் தருவதைக் கைவிட்டு, இரண்டு பரந்த தரப்பிரிவுகளுக்கு மாறியது.

இவற்றின் விலை சில ஆண்டுகளில் செங்குத்தாக இறங்கியது. சுரங்க வைர நிறுவனமான டி பியர்ஸ், கேரட் 800 டாலர் என்று வளர்த்த வைரங்களை விற்க 2018இல் தொடங்கிய லைட்பாக்ஸ் நிறுவனமே, மூடப்படும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. இனி சுரங்க வைரத்தின் விலை என்னாகும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு முன்னுதாரணங்கள் உள்ளன, அவை எதிரெதிர்த் திசை காட்டுகின்றன. வெர்னோய் மாணிக்கம் மலிந்த பிறகும் இயற்கை மாணிக்கத்தின் விலை ஏறியே வந்தது. முத்துக்கு நேர்ந்தது வேறு. 1917இல் கார்ட்டியே நிறுவனம் இரட்டைச் சர இயற்கை முத்து மாலை ஒன்றையும் நூறு டாலரையும் கொடுத்து நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையையே பெற்றது. 1950களில் அதே மாலை பழைய மதிப்பின் சிறு பங்குக்குத்தான் விலைபோனது. இடையில் வளர்ப்பு முத்து வந்துவிட்டிருந்தது. பாரசீக வளைகுடாவின் முத்துக் குளிப்பும் அதோடு சரிந்தது.

வைரம் எந்த வழியில் போகும்? மாணிக்கப் பாதை என்கிறது சுரங்கத் தரப்பு. இந்த வாதம் முழுதும் நம்பவைக்கவில்லை. வெர்னோய் மாணிக்கத்தைக் கைக்கண்ணாடியால் பிரித்தறியலாம், வளர்த்த வைரத்துக்குப் பெரிய கருவி வேண்டும். மேலும் உயர்தர மாணிக்கம் உண்மையிலேயே அரிது. வைரமோ அண்மைக் காலம்வரை ஆண்டுக்கு 10 கோடி கேரட்டுக்கு மேல் தோண்டப்பட்டது. பெரிய, சிறப்பு நிறக் கற்கள் மாணிக்கத்தின் வழியிலும், சாதாரண மோதிர அளவுக் கற்கள் முத்தின் வழியிலும் பிரிந்து போவது சாத்தியமாகத் தெரிகிறது.

மோதிரம் என்னும் பிணை

கடைசியாக ஒரு தரப்பு, கல்லின் குணங்களைப் பேசுவதே வீண் என்கிறது. எட்வர்ட் எப்ஸ்டீன் 1982இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வைர மோதிர வழக்கம் டி பியர்ஸ் நிறுவனத்தின் விளம்பரப் படைப்பு என்று வாதிட்டது. 1938இல் என்.டபிள்யூ. அயர் நிறுவனம் தொடங்கிய பிரசாரம், 1947இல் பிரான்சிஸ் ஜெரட்டி எழுதிய ‘வைரம் என்றென்றும்’ என்ற விளம்பர வாசகம், 1967க்குப் பின் ஜப்பானில் வழக்கம் வேரூன்றிய வேகம் ஆகியவை அவர் சான்றுகள். சட்ட அறிஞர் மார்கரெட் பிரினிக் 1990இல் வேறொரு விளக்கம் தந்தார். மணவாக்கு மீறலுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமையை 1935 முதல் அமெரிக்க மாநிலங்கள் நீக்கத் தொடங்கின. சட்டம் தந்த பாதுகாப்பின் இடத்தை விலையுயர்ந்த மோதிரம் பிணையாக நிரப்பியது என்றார் அவர். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஏற்கெனவே எழுந்த தேவையை விளம்பரம் பிடித்துக்கொண்டது என்பதே பொருத்தமான வாசிப்பாகலாம்.

தமிழ்ச் சூழலுக்கு இதை அப்படியே பெயர்க்க முடியாது. மோதிரம் அடையாளமாவது இங்கே இராமனின் கணையாழி அளவுக்குப் பழையது. ஆனால் நிச்சயத்தின் மையம் தாம்பூலம் மாற்றுவதும் பரிசம் போடுவதும்தான். மோதிரம் மாற்றுவது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வெளியே பரவியது பெரும்பாலும் அண்மைக் கால வழக்கம். அதனால்தான் ‘இத்தனை மாதச் சம்பளம்’ என்ற அமெரிக்கக் கணக்கு இங்கே வேரூன்றவில்லை. மோதிரச் செலவுக்கும் மணவாழ்வுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் ஆராய்ந்த ஃபிரான்சிஸ்-டான், மியாலோன் என்னும் இரு பொருளியலாளர்கள், அதிகச் செலவு சில பிரிவினரிடம் அதிக மணமுறிவோடு சேர்ந்து வருவதைக் கண்டார்கள். அது காரணத்தை நிறுவும் முடிவன்று. ஆனாலும் பெரிய கல் நீடித்த மணத்துக்கு அறிகுறி என்ற பேச்சுக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

தீராத இடங்கள்

வண்ணக் கல்லின் நிறத்துக்குப் பொதுவான அளவுகோல் தேவையா என்பதில் துறைக்குள்ளேயே ஒருமிப்பு இல்லை. அது வந்தால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கூடும். வைரத்துக்கு நேர்ந்ததுபோல் கண்ணைவிடத் தாள் முக்கியமாகிவிடும் அபாயமும் உண்டு. சிகிச்சையை வெளிப்படுத்துவதில் முன்னேற்றம் நிச்சயமாக நடந்திருக்கிறது, ஆயினும் அதன் பயன் பெரிய கற்களோடு நின்றுவிடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க் கல்லுக்கு, அதன் விலைக்கு நிகரான செலவில் யாரும் ஆய்வக அறிக்கை எடுப்பதில்லை.

இந்தியாவில் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாகி, 2023 ஏப்ரல் முதல் ஆறெழுத்து அடையாள எண்ணோடு வருகிறது. அது சான்று கூறுவது தங்கத்துக்கு மட்டும். நகையிலுள்ள கல் இயற்கையா, வளர்த்ததா, சூடேற்றியதா என்பதற்கு அந்த முத்திரையில் பதில் இல்லை. கல்லின் எடையைத் தங்க எடையிலிருந்து பிரித்து, கல்லின் இனத்தையும் சிகிச்சையையும் எழுதிய ரசீதுதான் இப்போதைக்கு வாங்குபவர் கையிலுள்ள ஆவணம். அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

இன்னும் கடினமானது சிறு வைரங்களின் நிலை. ஒரு மோதிரத்தில் நடுக்கல்லைச் சுற்றி இரண்டு, மூன்று சென்ட் கற்கள் இருபது முப்பது இருக்கும். வளர்த்த வைரங்கள் இத்தகைய பொட்டலங்களில் கலந்துவருவது வணிகம் முழுதும் அறிந்த பிரச்சினை. பட்டறைக்கு வருமுன் பொட்டலத்தையே இயந்திரத்தில் இட்டுச் சோதிக்கும் வசதி பெரிய நிறுவனங்களிடம் உண்டு, தெருமுனைப் பத்தரிடம் இல்லை. பின்புறம் மூடிக் கட்டும் நம் பழைய குளோஸ் செட்டிங் நகைகளிலோ, பதித்த பிறகு கல்லின் எடையையும் நிறத்தையும் சரியாக மதிப்பிடவே முடிவதில்லை. கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், கழற்றினால் கட்டடம் போய்விடும். அந்தச் சோதனைச் செலவையும் கலப்புக்கான பொறுப்பையும் ஏற்க வேண்டியவர் பொட்டலம் விற்றவரா, பதித்தவரா, கடைக்காரரா என்பதில் இன்னும் தெளிவு பிறக்கவில்லை.